கிழமை பார்த்துக் கிளம்புங்கள்: வஹாக்காவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மெக்சிகோ என்றதும் கான்கூன் கடற்கரைக்கு டிக்கெட் போடுகிறவர்கள்தான் அதிகம். நான் சொல்லப்போவது அந்தப் பக்கம் இல்லை. நாட்டின் தெற்கே, பசிபிக் கடலை ஒட்டி, மலையும் பள்ளத்தாக்குமாகக் கிடக்கும் வஹாக்கா மாநிலம். பெயரை எழுதும்போது நடுவில் வரும் எக்ஸ் எழுத்தை அங்கே 'ஹ' என்றுதான் உச்சரிப்பார்கள்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஓடினேன். எல்லாவற்றையும் பார்த்தேன், எதுவும் மனதில் ஒட்டவில்லை. இரண்டாம் முறை அம்மாவும் வந்தார். அப்போது ஒரே ஒரு விஷயத்தை மாற்றினோம்: எந்த ஊரில் எந்தக் கிழமை சந்தை என்று பார்த்து, அதன்படி நாட்களை அடுக்கினோம். பயணமே வேறாகிவிட்டது. இந்தப் பள்ளத்தாக்கில் ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பிருந்தே ஊர் ஊராக முறை வைத்துச் சந்தை கூடி வந்திருக்கிறது. இன்றும் ஊர்கள் முழுதாக விழித்திருப்பது அந்தந்த நாளில்தான். ஆகவே இங்கே திட்டம் போடுவது கிழமையிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் படி: மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை அநேகமாக இருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். ஆனால் நாள் முழுக்கப் பெய்யாது, மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். காலையில் வேலையை முடித்துக்கொண்டால் போதும், மலைகள் பச்சைப்பசேலென்று இருக்கும். வஹாக்கா நகரம் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் நன்றாகக் குளிரும். ஒரு கம்பளிச் சட்டை கட்டாயம்.

திருவிழாவுக்காகப் போவதென்றால் இரண்டு காலம். அக்டோபர் 31 முதல் நவம்பர் 2 வரை இறந்தோர் நாள், குடும்பத்தில் இறந்தவர்களை நினைத்துக் கொண்டாடுவது. இன்னொன்று ஜூலையில் வரும் கெலகெட்சா என்ற நடன விழா. ஜூலை 16க்குப் பிறகு வரும் இரண்டு திங்கட்கிழமைகளில் நடக்கும். ஜூலை 18 திங்களாக வந்துவிட்டால் ஒரு வாரம் தள்ளிப்போகும். அன்று, இந்த மண்ணில் பிறந்து நாட்டின் அதிபரான பெனித்தோ ஹுவாரெஸின் நினைவு நாள். கெலகெட்சா என்பது இங்குள்ள பழங்குடி மக்களின் சபோதெக் மொழிச் சொல். ஒரு வீட்டில் கல்யாணமோ காரியமோ என்றால் மற்றவர்கள் சோளம், வான்கோழி, உழைப்பு என்று கொடுப்பார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நோட்டில் எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வார்கள். நம் மொய் நோட்டேதான். விழாவுக்கு அந்தப் பெயர் வந்தது இதிலிருந்துதான்.

இந்த இரண்டு காலத்திலும் அறை வாடகை எகிறும், பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை. மழை ஓய்ந்திருக்கும், கூட்டமும் குறைவு.

இரண்டாம் படி: விசா, விமானம்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் தனியாக எடுக்க வேண்டாம். அந்த நாடுகளில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை உள்ளவர்களுக்கும் இதே சலுகை உண்டு. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் பொருந்தும். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடும் முன் மெக்சிகோ தூதரகத்தின் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். அது இல்லாதவர்கள் ஐரோப்பா அல்லது இஸ்தான்புல் வழியாகப் போகலாம். குடிவரவில் அதிகபட்சம் 180 நாள் வரை அனுமதிப்பார்கள், ஆனால் எத்தனை நாள் என்பது அந்த அதிகாரியின் முடிவு. முத்திரையில் எழுதியிருக்கும் எண்ணை அங்கேயே படித்துப் பார்த்துவிட்டு நகருங்கள்.

மெக்சிகோ நகரிலிருந்து வஹாக்காவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். பஸ்ஸில் ஆறரை, ஏழு மணி நேரம். தாப்போ என்ற நிலையத்திலிருந்து ஏதெஓ நிறுவனத்தின் சொகுசு பஸ்கள் கிளம்பும். கள்ளிச்செடிகள் தூண் தூணாக நிற்கும் மலைகளுக்கு நடுவே போகும் பாதை, அதனால் பகல் பஸ் பிடியுங்கள். ஒன்று மட்டும்: நீண்ட விமானப் பயணம் முடித்த அன்றே பஸ் ஏற வேண்டாம். மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது. ஒரு இரவு தங்கி, தண்ணீர் நிறையக் குடித்து, மறுநாள் கிளம்புவது உடம்புக்கு நல்லது.

மூன்றாம் படி: பணம்

நாணயம் பெசோ. ஒரு பெசோ சுமார் 5 இந்திய ரூபாய். சந்தை, ஊர் வண்டி, தெருக்கடை எல்லாம் ரொக்கம்தான். ஏடிஎம்மில் எடுக்கும்போது 'உங்கள் நாட்டுப் பணத்தில் மாற்றித் தரட்டுமா' என்று திரையில் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் நன்றாக இழப்பீர்கள். 500 பெசோ நோட்டைச் சந்தையில் நீட்டினால் சில்லறைக்கு அலைய வேண்டியிருக்கும். பெரிய கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கும்போதே அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஒரு வாரத்தைக் கிழமைப்படி அடுக்குங்கள்

நகரத்தில் சோகலோ என்ற மைய சதுக்கத்துக்கும் சாந்தோ தொமிங்கோ கோயிலுக்கும் இடைப்பட்ட தெருக்களில் அறை எடுங்கள். எல்லாம் நடை தூரம். புதன்கிழமை மாலை வந்து சேருகிற மாதிரி திட்டமிட்டால் கீழே சொல்லும் வரிசை அப்படியே பொருந்தும்.

வியாழன் நகரத்துக்கு. சாந்தோ தொமிங்கோ கோயிலை ஒட்டிய மடத்தில் உள்ள அருங்காட்சியகத்தைப் பாருங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், அதனால்தான் முதலிலேயே வைக்கிறேன். 1932இல் மோன்த்தே அல்பான் என்ற பழைய நகரத்தின் ஏழாம் கல்லறையைத் தொல்லியலாளர் அல்ஃபொன்சோ காசோ திறந்தபோது கிடைத்த தங்கமும், பச்சை நீலக் கற்கள் பதித்த மண்டையோடும் இங்கே இருக்கின்றன. மாலையில் மினா தெருவுக்குப் போங்கள். கொக்கோ அரைக்கும் மில்கள் வரிசையாக இருக்கும், தெருவே மணக்கும். கொக்கோ, சர்க்கரை, பாதாம், பட்டை எவ்வளவு என்று நீங்கள் சொல்கிற அளவில் அரைத்துத் தருவார்கள். அந்தப் பட்டையை முகர்ந்து பாருங்கள், நமக்குப் பழகிய வாசனை. இலங்கை ஏற்றுமதி செய்யும் கறுவாவை மிக அதிகமாக வாங்கும் நாடு மெக்சிகோதான்.

வெள்ளி ஒகோத்லான் சந்தை. நகரத்துக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். போகும் வழியில் இரண்டு ஊர்கள். சான் பர்த்தோலோ கொயொத்தெப்பெக்கில் கறுப்பு மண்பாண்டம் செய்கிறார்கள். பாதி காய்ந்த பானையைப் படிகக்கல்லால் தேய்த்து, புகை வெளியே போகாமல் சூளையில் மூடிச் சுட்டால் உலோகம் போல மினுங்கும் கறுப்பு வரும். இந்த முறையைப் பரவலாக்கியவர் தோன்யா ரோசா என்ற குயவர். சான் மார்த்தின் தில்காஹெத்தேயில் கோபால் மரத்தில் விலங்குகளைச் செதுக்கி, புள்ளி புள்ளியாக வண்ணம் தீட்டுகிறார்கள்.

சனி காலை மோன்த்தே அல்பான். மினா தெருப் பக்கத்திலிருந்து வேன் போகும். கிட்டத்தட்ட கி.மு. 500இல் சபோதெக் மக்கள் மலை உச்சியைச் சமப்படுத்திக் கட்டிய தலைநகரம். 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், மேலே நிழல் கிடையாது. ஞாயிறு வேண்டாம், அன்று மெக்சிகோவில் வசிப்பவர்களுக்கு இலவசம் என்பதால் கூட்டம் நெரியும். தெற்கு மேடையில் ஏறி உட்கார்ந்து மூன்று பள்ளத்தாக்குகளும் பிரிகிற இடத்தைப் பாருங்கள். ஏன் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அப்போது புரியும்.

ஞாயிறு த்லகொலூலா. ஒரே ஒரு சந்தைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்குப் போங்கள். கிழக்கே போகும் 190ஆம் நெடுஞ்சாலையில், பேஸ்பால் மைதானத்தின் அருகே நின்றால் மித்லா பஸ் வரும், அதில் ஏறிக்கொள்ளலாம். அவசரமென்றால் கோலெக்திவோ எனப்படும் பங்கு டாக்சி. நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் நிறைந்ததும் கிளம்பும். காலை ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

அன்று நாங்கள் நுழைந்த வாசலிலேயே ஓர் அம்மாள் இரண்டு வான்கோழிகளைக் கால் கட்டி மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் பெரிய மண் தொட்டியில் ஒருவர் முழங்கை வரை கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். சோளம், கொக்கோ, மாமே பழத்தின் கொட்டை, ஒரு வகைப் பூ எல்லாம் அரைத்த விழுது அது. குளிர்ந்த நீரை உயரத்திலிருந்து ஊற்ற ஊற்ற, வெள்ளையாக நுரை திரண்டு மேலே கட்டி கட்டியாக மிதந்தது. இதுதான் தெஹாத்தே. சிவப்பு வண்ணமடித்த சுரைக்குடுக்கையில் மொண்டு கொடுத்தார்கள். சர்க்கரைப் பாகைத் தனியே ஊற்றினார்கள். பால் இல்லை, முட்டை இல்லை. அம்மா இரண்டு குடுக்கை குடித்தார்.

அந்த மாமே பழம் நம் சப்போட்டாவின் உறவு. சப்போட்டா என்ற சொல்லே மெக்சிகோவின் நாவாத்தல் மொழியிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. சபோதெக் என்று இந்த மக்களை அழைக்கும் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். சந்தையில் கல் விற்கும் இடத்தில் அம்மா நின்றுவிட்டார். சரிவான கல், மூன்று கால், மேலே உருட்ட ஒரு குழவி. "இது நம்ம அம்மிடா" என்று என்னிடம் சொல்லிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்து குழவியைத் தள்ளிக் காட்டினார். கடைக்காரப் பாட்டி சிரித்துக்கொண்டே அவர் மணிக்கட்டைப் பிடித்து, உடம்பு முழுதையும் முன்னால் சாய்த்துத் தள்ள வேண்டும் என்று திருத்தினார். இருவருக்கும் பொது மொழி ஒரு வார்த்தை கிடையாது. அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

திங்கள் தெயோத்தித்லான் தெல் வாயே, நெசவாளர் ஊர். இங்கே கம்பளி விரிப்பு நெய்யாத வீட்டைக் காண்பது அரிது. தரகரோடு வரும் சுற்றுலா வண்டிகள் பெருஞ்சாலை ஓரத்துப் பெரிய கடைகளில் நிறுத்தும். நீங்கள் ஊருக்குள் நடந்து, வாசல் திறந்திருக்கும் சிறிய வீடாகப் பார்த்து நுழையுங்கள். சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும் பூச்சி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் நசுக்குவார்கள். இரத்தச் சிவப்பாக வரும். மேலே எலுமிச்சை பிழிந்தால் ஆரஞ்சாக மாறும், சமையல் சோடாவைத் தூவினால் ஊதாவாகும். ஒரே உள்ளங்கையில் மூன்று நிறம். இந்தப் பூச்சிச் சாயத்துக்காகவே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளித் தோட்டம் போட்டுப் பார்த்தார். இங்கிருக்கும் நல்ல ரகப் பூச்சி அங்கே வந்து சேரவில்லை, முயற்சி கைகூடவில்லை.

விலை பேசுவது பற்றி ஒரு வார்த்தை. ஒரு நடுத்தர விரிப்புக்கு வாரக்கணக்கில் உழைப்பு போகிறது. இரண்டு மூன்று வாங்கினால் குறைத்துத் தருவீர்களா என்று கேட்கலாம், தவறில்லை. பாதி விலைக்குக் கேட்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

செவ்வாய் மித்லாவும் இயேர்வே எல் ஆகுவாவும். மித்லாவின் பழங்காலக் கட்டடச் சுவர்களில் சாந்து இல்லாமல் ஆயிரக்கணக்கான சிறு கற்களைப் பொருத்திக் கோலம் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பின்பக்கம் திறந்த சிறு லாரிகள் ஆள் சேர்ந்ததும் மலையேறும். இயேர்வே எல் ஆகுவா என்பது சுண்ணாம்பு நீர் வழிந்து வழிந்து பாறையாகிப்போன அருவி. ஊர்த் தகராறால் சில தடவை மூடப்பட்டிருக்கிறது, அதனால் முதல் நாளே அறைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் தூலே ஊரில், அடிமரச் சுற்றளவு 40 மீட்டருக்கும் மேலான அந்தப் பிரம்மாண்ட மரத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

கூடுதல் நாள் இருந்தால் புதன் எத்லா சந்தை, வியாழன் சாச்சிலா சந்தை. காடும் குளிரும் பிடிக்கும் என்றால், நகரத்துக்கு வடக்கே மலையில் எட்டு ஊர்கள் கூட்டாக நடத்தும் புவெப்லோஸ் மன்கொமுனாதோஸ் தங்குமிடங்கள் இருக்கின்றன. கொடுக்கும் பணம் நேராக ஊருக்கே போகும். குவாஹிமொலோயாஸ் 3,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் நல்ல ஜாக்கெட் வேண்டும்.

ஐந்தாம் படி: சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க

இதைப் பற்றித்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். இறைச்சி இல்லாமல், அதாவது 'சின் கார்னே' என்று சொன்னால் போதும் என்று முதல் நாள் நினைத்தோம். அம்மாவுக்கு ஒரு மெமேலா வந்தது. தடித்த சோள ரொட்டி, மேலே பீன்ஸ், பாலாடைக்கட்டி. அடியில் பழுப்பாகப் பூசியிருந்தது என்ன என்று கேட்டேன். அசியேந்தோ என்றார்கள். பன்றிக் கொழுப்பை உருக்கும்போது அடியில் தங்கும் வண்டல் அது. அவர்கள் ஏமாற்றவில்லை. அவர்கள் கணக்கில் அது இறைச்சி இல்லை, அவ்வளவுதான்.

அதனால் மூன்று சொற்களைச் சேர்த்தே சொல்லுங்கள்: சின் கார்னே, சின் அசியேந்தோ, சின் மான்தேகா. கடைசிச் சொல் பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்பது. பீன்ஸிலும், இலையில் சுற்றி வேகவைக்கும் சோளக் கொழுக்கட்டையான தமாலெஸின் மாவிலும் அது இருக்கலாம். சோற்றையும் சூப்பையும் கோழி ரசத்தில் சமைப்பது சகஜம், மோலே குழம்புகளிலும் அப்படியே. கோழி ரசம் சேர்த்திருக்கிறதா என்பதற்கு 'தியேனே கால்தோ தே போயோ?' என்று கேளுங்கள். மெஸ்கால் சாராயத்தோடு ஆரஞ்சுத் துண்டில் தூவித் தரும் சிவப்பு உப்பில் புழு அரைத்துச் சேர்த்திருப்பார்கள். சந்தையில் மிளகாய் வற்றல் மாதிரி குவித்திருப்பது வறுத்த வெட்டுக்கிளி. அதைச் சில கடைகளில் கேட்காமலே தூவுவார்கள், 'சின் சாப்புலீனெஸ்' என்று சொல்லிவிடுங்கள்.

சரி, என்னதான் சாப்பிடுவது? நிறைய இருக்கிறது. பரங்கிப்பூவும் நூல் நூலாகப் பிரியும் கேசீயோ பாலாடைக்கட்டியும் வைத்து மடித்த கெசதீயா ரொட்டி. பரங்கிக் கொடியின் தளிரைப் போட்டுக் காய்ச்சும் சோபா தே கீயாஸ் சூப். சுட்ட கள்ளி மடல். முக்கோணமாக மடித்துக் கல்லில் சுடும் தெத்தேலா. பெரிய அப்பளம் போல மொறுமொறுக்கும் த்லயூதா. காலையில் தண்ணீரில் அடித்த சாக்லேட், தொட்டுக்கொள்ள ரொட்டி. அந்த ரொட்டியில் முட்டை மஞ்சள் கரு உண்டு.

குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம், பல் துலக்கவும் பாட்டில் தண்ணீர்தான் நல்லது. தெருவில் சாப்பிடும்போது உள்ளூர்க்காரர் கூட்டம் எந்தக் கடையில் இருக்கிறதோ அங்கே உட்காருங்கள்.

ஆறாம் படி: கடலுக்கு இறங்குவது

2024 பிப்ரவரி வரை நகரத்திலிருந்து புவெர்த்தோ எஸ்கொந்தீதோ என்ற கடற்கரை ஊருக்கு ஆறு, ஏழு மணி நேர வளைவுப் பாதை. இப்போது புதிய நெடுஞ்சாலை திறந்துவிட்டது, வேனில் மூன்று மணி நேரம் போல ஆகிறது. பகலில் மட்டும் போங்கள்.

கடலைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். சிகாத்தேலா கடற்கரை அலைச்சறுக்கு வீரர்களுக்கானது, குளிப்பதற்கு இல்லை. சிபொலீத்தேயிலும் உள்ளிழுக்கும் நீரோட்டம் பலமானது. சிவப்புக் கொடி பறந்தால் கால்கூட நனைக்காதீர்கள். குளிக்க வேண்டுமென்றால் கரிசலீயோ என்ற சிறு விரிகுடா. நூற்றைம்பதுக்கும் மேல் படிகள், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள்.

மசூந்தே பக்கம் ஒரு காலத்தில் ஆமை வெட்டும் தொழிலில் பிழைத்தது. 1990இல் மெக்சிகோ ஆமை வேட்டையைத் தடை செய்தது. இப்போது அங்கே ஆமை மையம் இருக்கிறது. அருகில் உள்ள எஸ்கொபீயா கடற்கரைக்குப் பல்லாயிரக்கணக்கில் ஏறி வருவது நம் சென்னைக் கடற்கரைக்கும் முட்டையிட வரும் அதே பங்குனி ஆமைதான். குஞ்சு விடும் முகாம்களில் கலந்துகொண்டால் கையால் தொடாமல் சுரைக்குடுக்கையில்தான் ஏந்தச் சொல்வார்கள். அலைபேசி வெளிச்சத்தை அடிக்காதீர்கள், குஞ்சு திசை மாறிவிடும்.

ஏழாம் படி: தடைகளும் மரியாதைகளும்

இங்கே பயணத்தைக் குலைப்பது திருட்டைவிடச் சாலை மறியல்தான். ஆசிரியர் சங்கமோ ஊர் மக்களோ கோரிக்கைக்காக நெடுஞ்சாலையை அடைப்பது வழக்கம். மே, ஜூனில் ஆசிரியர் போராட்டம் சூடு பிடிக்கும். அகப்பட்டுக்கொண்டால் வாக்குவாதம் வேண்டாம், இறங்கி நடந்து மறுபக்கம் போய் வேறு வண்டி பிடிப்பதுதான் உள்ளூர்க்காரர்களும் செய்வது. நாடு திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே மெக்சிகோ நகரம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறும் முன் தொகையைப் பேசிவிடுங்கள்.

இது நிலநடுக்கப் பகுதி. 2017 செப்டம்பரில் 8.2 அளவில் வந்தது ஹுச்சித்தான் ஊரைச் சிதைத்துவிட்டது. ஒலிபெருக்கியில் 'அலெர்த்தா சீஸ்மிகா' என்று கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். அறைக்குப் போனதும் வெளியேறும் வழியை ஒரு தடவை நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் முகத்துக்கு நேரே கேமராவைத் தூக்காதீர்கள். 'புவேதோ?' என்று கேட்டு, தலையசைத்தால் மட்டும் எடுங்கள். முதலில் ஏதாவது வாங்கிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கடைக்குள் நுழையும்போது வணக்கம் சொல்வது முக்கியம்: மதியம் வரை 'புவேனோஸ் தீயாஸ்', அப்புறம் 'புவேனாஸ் தார்தெஸ்'. பலருக்கு ஸ்பானிய மொழிகூட இரண்டாம் மொழிதான், வீட்டில் பேசுவது சபோதெக்கோ மிக்ஸ்டெக்கோ ஆக இருக்கும். மெதுவாகப் பேசினால் இரு தரப்புக்கும் வசதி. இறந்தோர் நாளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் ஓரமாக நடங்கள். ஒரு குடும்பம் உட்காரச் சொன்னால் உட்காருங்கள், வெறுங்கையோடு போகாமல் ஒரு பிடி சாமந்தியோ மெழுகுவர்த்தியோ கொண்டுபோங்கள். சாமந்தி என்றால் நம் துலுக்கச் சாமந்தியேதான், அதன் தாய்நாடு இதுதான்.

திரும்பும் முன்

மோலே விழுதை விமானத்தில் கைப்பையில் வைத்தால் திரவம் என்று எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டியில் இரண்டு உறை போட்டு வையுங்கள். கறுப்புப் பானையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, பளபளப்பானது கசியும், அலங்காரத்துக்கு மட்டும். சுரைக்குடுக்கையின் உள்ளே காலுறைகளைத் திணித்து, சுற்றிலும் துண்டு வைத்துக் கட்டினால் உடையாமல் வரும். அம்மாவுடையது அப்படித்தான் வந்து சேர்ந்தது. இப்போது அதில் மோர் குடிக்கிறார்.